குளிர் தொடங்குமுன் விறகு காயவைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணப்பிலோ விறகடுப்பிலோ எரிக்கப்போகும் மரத்தைப் பிளந்து, வரிசையாக அடுக்கி அட்டி போட்டு, குளிர்காலத்துக்கு முன் காயவைப்பதில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. விறகைக் காயவைப்பது காற்று. வெயில் அதற்குத் துணை. கூரையின் வேலை மழையைத் தடுப்பது மட்டும்தான். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

எரிப்பதற்கு முன் விறகில் எவ்வளவு ஈரம் இருக்கலாம்?

20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 15 முதல் 18 வரை இருந்தால் மிக நல்லது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். மரவகையைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஒரு கிலோ விறகின் மொத்த எடையில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் அது சுமார் 4 கிலோவாட்-மணி வெப்பம் தரும். பாதி எடை ஈரமாக இருக்கும் பச்சை விறகு கிலோவுக்கு 2.2 கிலோவாட்-மணிதான் தரும். தண்ணீரை ஆவியாக்கவே இவ்வளவு வெப்பமும் போய்விடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. பச்சைக் கட்டையில் கிலோவுக்கு மரமே குறைவு. அதே கட்டையைக் காயவைத்து எரிப்பதோடு ஒப்பிட்டால், ஆவியாக்கப் போகும் வெப்பம் பத்தில் ஒரு பங்குதான்.

பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல், சூடேறிய மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் தீப்பிடித்து எரிவதால் வருகிறது. ஈரம் நெருப்பின் சூட்டைக் குறைக்கும்போது அந்த வாயுக்கள் எரியாமல் புகையாகவே வெளியேறிவிடும். போகிற வழியில் புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் பட்டுத் தாராகப் படியும். அந்தப் படிவு பின்னால் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். ஈர விறகு வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

எத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்?

பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களைப் பிளந்து நல்ல காற்றோட்டத்தில் அடுக்கினால் 6 முதல் 9 மாதத்தில் காயும். பிர்ச், ஆஷ், மேப்பிள் போன்றவற்றுக்கு ஒரு முழு வருடம் கொடுங்கள். ஓக் போல வைரம் பாய்ந்த, இறுக்கமான மரங்களுக்கு இரண்டு வருடம் வேண்டும். சில இடங்களில் அதுவும் போதாது.

காய்வதில் பெரும்பங்கு சூடும் காற்றும் உள்ள மாதங்களில் நடந்துவிடும். இலையுதிர்காலம் வந்ததும் வேகம் அநேகமாக நின்றுபோகிறது. ஆகவே குளிர் முடிவதற்குள் மரத்தை வெட்டி, வெயில் ஏறத் தொடங்கும்போதே பிளந்து அடுக்கிவிட வேண்டும். கோடையின் கடைசியில் அடுக்கிய பச்சை விறகு அந்தக் குளிருக்கு உதவாது. இடம் இருந்தால் இரண்டு வருடத்துக்கான விறகு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று எரியட்டும், மற்றது காயட்டும்.

இலையோடு இருக்கும் மரத்தைச் சாய்த்தால், கிளைகளைக் கழிக்காமல் சில வாரங்கள் அப்படியே விட்டுவைப்பது நல்ல உத்தி. வெட்டுப்பட்ட பிறகும் இலைகள் தண்டிலிருந்து நீரை இழுத்து ஆவியாக்கும். இலை வாடி நிறம் மாறியதும் கழித்து அறுக்கலாம்.

பிளக்காமல் உருட்டுக் கட்டையாகவே போட்டுவைத்தால் காயாதா?

காயாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்குள் நீர் மேலேறிய குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரமும் அந்த வழியாகத்தான் எளிதாக வெளியேறும். குறுக்கே போவதைவிட நீளவாக்கில் பத்து மடங்குக்கு மேல் வேகம். அதனால் முதல் வேலை, அடுப்பின் நீளத்துக்கு அறுப்பது. நீண்ட தண்டாகப் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் இரண்டு முனைகள் மட்டும் வெடித்திருக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும்.

அடுத்த தடை பட்டை. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமல் காப்பதே உயிருள்ள மரத்தில் அதன் வேலை. வெட்டிய பிறகும் அது அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். பிர்ச் மரத்தின் பட்டை இதில் மிக மோசம். பிளக்காமல் விட்டால் பட்டை புதிதுபோல் தெரியும், உள்ளே மரம் மக்கியிருக்கும்.

எந்த அளவுக்கு அறுப்பது, பிளப்பது?

அடுப்பின் உள்நீளத்தை அளந்து, அதில் 5 முதல் 8 சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அடுப்புகளுக்கு 25 முதல் 33 செ.மீ. சரியாக வரும். எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில் இருந்தால் அட்டியும் நேராக நிற்கும். அளவுக்குச்சி ஒன்றை வைத்து, தண்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு அறுங்கள்.

பருமன் 8 முதல் 12 செ.மீ. இருக்கட்டும். இரவில் நின்று எரிய 15 செ.மீ. துண்டுகள் கொஞ்சம், பற்றவைக்க 2 செ.மீ. சிராய்கள் கொஞ்சம். பருமன் பாதியானால் காயும் காலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எனவே அவசரமாகக் காயவேண்டிய விறகை மெல்லியதாகப் பிளப்பதே உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். கை மணிக்கட்டைவிடப் பருத்த கிளைகளையும் ஒரு தடவையாவது பிளந்துவிடுங்கள்.

பிளக்கும்போது கோடாலி சிக்கிக்கொள்கிறது. ஏன்?

மரம் வெட்டும் கோடாலிக்கு அலகு மெல்லியது. அது நாரை வெட்டி இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிளப்பதற்கு ஆப்புப்போல் தடித்த தலையும் 2.5 முதல் 3.5 கிலோ எடையும் உள்ள கோடாலி வேண்டும். அது வெட்டுவதில்லை, விலக்குகிறது.

அடிக்கட்டை முழங்கால் உயரமோ அதற்குச் சற்றுக் கீழாகவோ, தரையில் ஆடாமல் உட்கார வேண்டும். கட்டையின் முகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து, அதே கோட்டில் அடியுங்கள். கணு இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள். கணுவில் நார் குறுக்கே ஓடுவதால் அங்கே எந்த அடியும் வீண். மிகப் பெரிய கட்டையை நடுவில் அடித்துத் திணற வேண்டாம். ஓரத்திலிருந்து சிராய் சிராயாகச் சுற்றிலும் எடுத்துக்கொண்டே வந்தால் நடு தானாகச் சிறுத்துவிடும். முறுக்கு விழுந்த மரத்துக்கு இரும்பு ஆப்பு இரண்டும் சம்மட்டியும் வேண்டும். கோடாலியின் பின்தலையைச் சம்மட்டியாக்கி இரும்பு ஆப்பில் அடிக்காதீர்கள். கோடாலிக் காது விரியும், இரும்புத் தெறிப்பு கண்ணுக்கு வரும்.

பழைய டயர் ஒன்றை அடிக்கட்டைமேல் வைத்து, அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாது. குனிந்து பொறுக்கும் வேலை பாதியாகும், காலும் தப்பும். பாதுகாப்புக் கண்ணாடியும் கெட்டிக் காலணியும் கட்டாயம்.

பெரும்பாலான மரங்கள் பச்சையாக இருக்கும்போதுதான் எளிதாகப் பிளக்கும். உறைகுளிரில் இன்னும் எளிது. காய்ந்தபின் பிளக்கலாம் என்று தள்ளிப்போட்டால் இரட்டை நஷ்டம்: காய்வதும் தாமதம், பிளப்பதும் கடினம்.

அட்டியை எந்த இடத்தில் போடுவது?

காற்று வந்துபோகும் இடத்தில். வெயில் விழும் சுவரோரம், காற்றே இல்லாத மூலையாக இருந்தால், அதைவிட நிழலானாலும் காற்று வீசும் திறந்தவெளி மேல். இரண்டும் கிடைத்தால் பாக்கியம். வழக்கமாக எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறதோ, அட்டியின் அகன்ற முகம் அதற்கு நேராக இருக்கட்டும். அப்போதுதான் காற்று இடுக்குகளில் புகுந்து மறுபக்கம் வெளியேறும்.

தண்ணீர் தேங்கும் பள்ளம், கூரையிலிருந்து தாரை விழும் ஓரம், மரத்தடி ஆகியவை வேண்டாம். வீட்டுச் சுவரில் ஒட்டி அடுக்க வேண்டாம். குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் சுவர் பக்கம் பூசணம் பிடிக்கும், கரையானுக்கும் வீட்டுக்குள் வழி கிடைக்கும். காட்டுத்தீ வரக்கூடிய பகுதி என்றால் காட்டுத்தீப் பருவத்தில் அட்டி வீட்டிலிருந்து 9 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

அட்டி எப்படிப் போடுவது? ஒவ்வொரு வருடமும் சரிந்துவிடுகிறது.

முதலில் ஒரு கணக்கு. நன்றாக அடுக்கிய ஒரு கன மீட்டர் பச்சை வன்மரத்திலிருந்து, அது எரியும் பதத்துக்கு வருவதற்குள் 250 லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். அத்தனையும் ஆவியாக, அட்டியின் இடுக்குகள் வழியாகத்தான் போக வேண்டும். காற்றுப் போகாத அட்டி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் காயாது.

அடித்தளம்: தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரம் வேண்டும். பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) போதும். இல்லையென்றால் இரண்டு நீளக் கழிகளை இணையாகப் போட்டு, அடியில் கல் கொடுங்கள். தளம் மட்டமாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். அடியில் ஒரு விரல் சாய்வு தலை உயரத்தில் ஒரு சாண் ஆகும்.

முனைகள்: இரண்டு முனையிலும் ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கிச் சதுரத் தூண் எழுப்புங்கள். இதற்கு நேரான, ஒரே பருமனுள்ள துண்டுகளைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோணலும் கணுவும் உள்ளவை நடுவில் போகட்டும். தூண் வைக்க மனமில்லை என்றால் முனையில் முளைக்கம்பு அடிக்கலாம்.

நடுப்பகுதி: துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஆடாமல் உட்கார வேண்டும், ஆனால் இடுக்குகளைச் சிராய் வைத்து அடைக்கக் கூடாது. ஒற்றை வரிசைதான் வேகமாகக் காயும். இரண்டு, மூன்று வரிசை போட இடநெருக்கடி என்றால் வரிசைக்கு வரிசை 10 முதல் 15 செ.மீ. விடுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகளில் நடு வரிசை கடைசிவரை ஈரமாகவே இருக்கும்.

உயரம்: ஒற்றை வரிசைக்கு 1.2 மீட்டர், மிஞ்சினால் 1.5. அதற்குமேல் போனால் தாங்கல் வேண்டும்.

இனி, சரிவதற்கான காரணம். காயும்போது மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை, ஆனால் குறுக்களவில் 4 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். இதனால் அட்டி முழுவதும் சில சென்டிமீட்டர் இறங்கும். வெயிலும் காற்றும் அதிகம் படும் முகம் முன்னதாகச் சுருங்குவதால் அட்டி அந்தப் பக்கமாகச் சாயும். இது தெரிந்தால், அடுக்கும்போதே எதிர்ப்பக்கமாக மிகச் சிறிது சாய்த்துக் கட்டலாம். முதல் இரண்டு மாதத்தில் ஓரிரு முறை வந்து பாருங்கள். வெளியே தள்ளிய துண்டுகளை மரச் சுத்தியலால் தட்டி உள்ளே விடுங்கள். சாய்வு ஒரு கையகலத்தைத் தாண்டினால் முட்டுக்கொடுப்பதில் பயனில்லை, பிரித்து அடுக்குவதே நல்லது.

தார்ப்பாய் போட்டு மூட வேண்டுமா?

மேலே மட்டும். தரைவரை இழுத்துப் போர்த்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மரத்திலிருந்து கிளம்பும் ஆவி தார்ப்பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப விறகிலேயே சொட்டும். நான்கு பக்கமும் மூடிய அட்டிக்குள் பூசணம் சில வாரங்களில் வந்துவிடும்.

தகரமோ பலகையோ தார்ப்பாயைவிட மேல். இரு பக்கமும் 10 முதல் 15 செ.மீ. நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து இருக்க வேண்டும். தார்ப்பாய்தான் இருக்கிறது என்றால் மேல் வரிசையில் நடுவே சில துண்டுகளைக் குறுக்கே வைத்து முதுகு எழுப்பி, அதன்மேல் போடுங்கள். தண்ணீர் தேங்காது, அடியில் காற்றும் போகும். பக்கவாட்டில் 20 செ.மீ.க்கு மேல் தொங்க வேண்டாம். கயிற்றின் நுனியில் கனமான கட்டையைத் தொங்கவிட்டால் அட்டி இறங்க இறங்கக் கயிறும் தானாக இறுகும்.

மழையே இல்லாத மாதங்களில் மூடாமலே விடலாம்.

பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழேயா?

கூரை இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கூரை இல்லாத அட்டியில் மேல் வரிசைக்குப் பட்டை மேலே இருக்கட்டும், ஓடுபோல் மழையைத் தள்ளிவிடும். அடி வரிசைக்குப் பட்டை கீழே இருந்தால் தரை ஈரம் ஏறாது.

வட்டமாக, குவிமாடம்போல் அடுக்கினால் சீக்கிரம் காயுமாமே?

சிறிய இடத்தில் நிறைய விறகு கொள்ளும், சரியாகக் கட்டினால் உறுதியாகவும் நிற்கும். ஆனால் காற்று நடுவரை போவது கடினம், நடுவில் கொட்டிய விறகு பின்தங்கியே காயும். வேகம் வேண்டுமென்றால் ஒற்றை வரிசைதான்.

காய்ந்த விறகு மழையில் நனைந்துவிட்டது. உழைப்பு வீணா?

இல்லை. மரத்துக்குள் இருந்த நீர் வேறு, மேலே பட்ட மழை வேறு. ஓரிரு மழை மேற்பரப்பை மட்டுமே நனைக்கும். காற்றுப்பட்டால் சில நாளில் போய்விடும். வாரக்கணக்கில் விடாமல் நனைந்தால் அது வேறு கதை, அப்போது முனைகள் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும்.

எங்கள் பகுதியில் காற்றே ஈரப்பதமாக இருக்கிறது. எவ்வளவு நாள் வைத்தாலும் காயுமா?

மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். 20 டிகிரி செல்சியஸில், காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் சுமார் 12 சதவீதத்தில் நிற்கும். 80 என்றால் 16. 90 என்றால் 20க்குப் பக்கத்தில். ஆகவே பனிமூட்டமான இடத்தில்கூட, கூரைக்கடியில் வைத்த விறகு எரியும் பதத்துக்கு வந்துசேரும். கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

முனை வெடித்திருப்பதை நம்பாதீர்கள். முனைகள் சில வாரங்களிலேயே வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இரண்டு துண்டுகளை மோதினால் காய்ந்தது ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’ என்னும். கையில் எடுத்தால் எடை தெரியும், பட்டை கையோடு உரிந்துவரும். இவையெல்லாம் பழகிய கைக்குப் போதும். புதியவர்கள் அளந்துவிடுவது நல்லது.

ஈரமானி: இரண்டு ஊசிகள் உள்ள சிறிய கருவி. அட்டியின் நடுவிலிருந்து எடுத்த துண்டை அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்துங்கள். ஊசியை நாரின் வாக்கிலா குறுக்கிலா குத்துவது என்பதைக் கருவியின் குறிப்பேட்டில் பாருங்கள். வெளிமுகத்தில் குத்தினால் எப்போதும் இனிப்பான பொய்தான் வரும். உறைந்த விறகும் குறைவாகவே காட்டும், ஒருநாள் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள். 30 சதவீதத்துக்கு மேல் கருவி காட்டும் அளவை நம்ப வேண்டாம், ‘பச்சை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களிலிருந்து ஐந்தாறு துண்டுகளாவது பாருங்கள்.

இதில் குழப்பும் ஒரு விஷயம்: ஈரமானிகள் பொதுவாக உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன, அடுப்பு, எரிபொருள் கணக்குகள் பலவும் மொத்த எடையோடு ஒப்பிடுகின்றன. கருவி 25 காட்டினால் மொத்த எடையில் அது 20. கருவியில் 20க்குக் கீழே வந்துவிட்டால் எந்தக் கணக்கிலும் கவலையில்லை.

கருவி இல்லையென்றால் தராசு போதும். அட்டியின் வெவ்வேறு இடங்களில் பத்துத் துண்டுகளுக்கு எண் எழுதி, எளிதாக உருவக்கூடியபடி வையுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். நல்ல காற்றுக் காலத்தில் இரண்டு மாதம் எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது.

துல்லியமாகவே வேண்டும் என்றால், துண்டின் நடுவிலிருந்து 2 செ.மீ. கனத்தில் குறுக்குவில்லை அறுத்து எடைபோட்டு, மின் அவனில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 240 கிராம் 200 ஆனால், குறைந்த 40ஐ 200ஆல் வகுக்க 20 சதவீதம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் வந்துவிட்டது, விறகு இன்னும் பச்சை. என்ன செய்வது?

இருப்பதை 5 செ.மீ. பருமனுக்குத் திரும்பப் பிளந்து, கூரையுள்ள திறந்த கொட்டகையில் ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். மின்விசிறி ஒன்றை அதன்மேல் ஓடவிட்டாலும் பலன் உண்டு. ஊசியிலை மரம், ஆஷ் ஆகியவற்றை முதலில் எடுங்கள், ஓக்கை அடுத்த வருடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். நின்றபடியே பட்டுப்போன மரம் கைகொடுக்கும், ஆனால் அதன் மேற்கிளைகள் மட்டுமே காய்ந்திருக்கும். அடிமரம் பெரும்பாலும் ஈரம்தான்.

சூளையில் உலர்த்திய விறகு கொஞ்சம் வாங்கி அதில் நல்ல தணலை உருவாக்கி, பாதி காய்ந்ததை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அந்தக் குளிர் முழுக்கப் புகைபோக்கியை அடிக்கடி பார்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பச்சை விறகை அடுப்பின்மேலோ, அதை ஒட்டியோ வைத்துக் காயவைக்க வேண்டாம். வீடு பற்றி எரிய அது ஒன்றே போதும். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே வையுங்கள்.

பைன் மரத்துப் பிசின் புகைபோக்கியை அடைக்குமா?

காய்ந்த பைன் அடைக்காது. அடைப்பது ஈரமும், காற்றை மூடிவைத்துப் புகையவிடுவதும்தான்.

அட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாமா?

பச்சை விறகை மூடிய அறையில் வைக்கவே கூடாது. அந்த 250 லிட்டர் உங்கள் சுவரில்தான் ஏறும். காய்ந்ததை மட்டும், இரண்டு மூன்று நாளுக்கு வேண்டிய அளவு உள்ளே எடுங்கள். அதிக நாள் வைத்தால் உள்ளே உறங்கிய வண்டுகள் சூட்டில் விழித்து வெளியே வரும்.

பூசணம், கரையான், உளு வந்தால்?

மேலே படர்ந்த பூசணம் காற்றில்லை என்பதற்கான அடையாளம். அட்டியைத் தளர்த்தி அடுக்குங்கள், கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். நகத்தால் குத்தினால் மிருதுவாக இறங்கும் அளவு மக்கிய மரத்தில் சூடு இல்லை, ஒதுக்குங்கள். கரையான் தரைவழி வருவது, அடித்தளத்தை உயர்த்தினால் பெரிதும் குறையும். சிறு துளைகளின் கீழே மாவு கொட்டிக் கிடந்தால் உளு விழுந்திருக்கிறது. அந்த விறகை முதலில் எரித்துவிடுங்கள். பூச்சிமருந்து மட்டும் தெளிக்காதீர்கள். எரிக்கும்போது அந்த நஞ்சு புகையில் வரும்.

‘ஒரு கன மீட்டர்’ என்று வாங்கினேன், அடுக்கினால் குறைகிறது. ஏமாற்றா?

அவசியமில்லை. கொட்டிக் குவித்த ஒரு கன மீட்டரை அடுக்கினால் 0.6 முதல் 0.7 கன மீட்டர்தான் வரும். அடுக்கிய ஒரு கன மீட்டரிலும் உண்மையான மரம் 0.65 அளவில்தான், மீதி காற்று. எந்த அளவு என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள்.

எந்த மரத்தை எரிக்கக் கூடாது?

சாயம் பூசியவை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய கட்டடப் பலகை (பழையவற்றில் ஆர்சனிக் இருக்கலாம்), உப்பேறிய கடற்கரைக் கட்டை. அரளி எல்லாப் பாகமும் நஞ்சு, அதைச் சுள்ளியாகக்கூட அட்டியில் சேர்க்காதீர்கள்.

தொலைவிலிருந்து விறகு ஏற்றிவரலாமா?

கூடியவரை வேண்டாம். பட்டைக்கடியில் இருக்கும் புழுக்களும் முட்டைகளும் விறகோடு பயணம் செய்யும். கிழக்காசியாவைச் சேர்ந்த எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் கண்டறியப்பட்டது. பின்னர் அது பரவியதில் விறகு ஏற்றிச் சென்றதற்குப் பெரும்பங்கு உண்டு. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அதனால் செத்தன. வெயிலில் காயவைப்பது இந்தப் பூச்சிகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கட்டையின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் இருக்க வேண்டும், அது சூளையில்தான் முடியும். அப்படி வெப்பமேற்றியதற்குச் சான்று உள்ள விறகு என்றால் தொலைவிலிருந்தும் வாங்கலாம். மற்றதை வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்துத் தீர்த்துவிடுங்கள்.